இரண்டு கழிவு வாய் உள்ள டிரெய்லர்: ஹோஸா, குழாயா, பம்பா?

பின்னால் சமையலறை, முன்னால் குளியலறை. அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு, வாங்கப் போகிறவர்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும் அமைப்பு இது. பெரிய பின் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டே தாளிக்கலாம். விற்பவர் அந்த ஜன்னலைக் காட்டுவார். ஓட்டுநர் பக்கம் கீழே குனிந்து பார்க்கச் சொல்லமாட்டார். அங்கே கழிவு வெளியேறும் வாய் ஒன்றல்ல, இரண்டு. கழிப்பறையின் பிளாக் டேங்க்கும் குளியலறையின் கிரே டேங்க்கும் சேர்ந்து முன் வாயில் வரும். சமையலறைத் தண்ணீர் சேரும் இன்னொரு கிரே டேங்க்குக்கு, சக்கரங்களைத் தாண்டிப் பின்னால் தனி வாய். இரண்டுக்கும் நடுவே 12 அடி, 14 அடி இருக்கும்.

தயாரிப்பாளர்கள் இப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாயாகச் சேர்க்க வேண்டுமானால் ஒரு குழாய் அச்சுகளைக் கடந்து, வழியெல்லாம் வாட்டம் குறையாமல் போக வேண்டும். அதைவிட இன்னொரு வால்வும் மூடியும் வைத்துவிடுவது அவர்களுக்கு மலிவு. அந்தச் சிரமம் வாங்கியவர் தலையில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை முகாமைக் காலி செய்யும் நேரத்தில் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் நமக்குப் பின்னால் ஐந்தாறு வண்டிகள் நிற்கும். நாம் ஒரு வாயை முடித்து, ஹோஸைக் கழற்றி, மூடி போட்டு, வண்டியை நகர்த்தி, திரும்பவும் கையுறை மாட்டிக்கொண்டு இறங்குவோம். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு மாதிரியான இடங்களில் இது தவிர்க்கவே முடியாதது. அங்கே எந்த முகாமிலும் ஹூக்கப், அதாவது நிறுத்திய இடத்திலேயே தண்ணீர், மின்சாரம், கழிவு இணைப்பு கிடையாது. அங்குள்ள அப்பர் பைன்ஸ் முகாமின் டம்ப் ஸ்டேஷனில் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும்.

வரிசையைப் பார்த்துப் பயந்து, "சமையலறை டேங்க்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. அது மட்டும் வேண்டாம். 40 கேலன் தண்ணீர் ஏறக்குறைய 330 பவுண்டு, அதாவது 150 கிலோ. அவ்வளவு எடையும் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் ஹிட்ச்சின் மேல், அதாவது வண்டியோடு மாட்டும் கொக்கியின் மேல், விழும் எடை குறையும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அது குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும். ஆகவே பின் டேங்க்கை லேசாகக் காலி செய்ய வழி தேடுவது சோம்பேறித்தனம் இல்லை.

நம் வீட்டு நிலவரம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசி களைவது, பருப்பு கழுவுவது, குக்கர், தாளிப்புக் கரண்டி, எண்ணெய்ப் பாத்திரம் என்று நம் சமையலில் சமையலறை டேங்க்தான் முதலில் நிரம்பும். நாற்றத்திலும் அதுவே முந்தும். கறிவேப்பிலையும் கடுகும் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு ஒன்றரை இன்ச் வால்வின் ஓரத்தில் தங்கும். பிளாக் டேங்க்கில் கதை நேர்மாறு. குளியலறையில் ஒரு மக் வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பழகிய குடும்பத்தில் காகிதம் குறைவு, தண்ணீர் அதிகம். கழிவு இறுகாமல் சுலபமாக வெளியேறும். காகிதத்தை மட்டும் நம்பி, தண்ணீரைச் சிக்கனமாகத் தெளிக்கிறவர்கள் வீட்டு டேங்க்கில்தான் அடியில் மேடு கட்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எதையும் மாற்றாமல் இருப்பது

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பலர் இந்த வழியைச் சரியாகச் செய்துபார்க்காமலே ரம்பத்தை எடுத்துவிடுகிறார்கள். வழக்கமாக முன் வாயை டம்ப் குழிக்கு நேராக நிறுத்துவோம். அப்படி நிறுத்தினால் அடுத்து நகர்த்தத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக, குழி இரண்டு வாய்களுக்கும் நடுவில் வரும்படி நிறுத்துங்கள். வாய்களுக்கு இடையே 14 அடி என்றால் குழியிலிருந்து ஒவ்வொன்றும் 7 அடி. பக்கவாட்டுத் தூரத்தைச் சேர்த்தாலும் 10 அடி ஹோஸ் இரண்டுக்கும் எட்டும். முதலில் பிளாக், பிறகு குளியலறை கிரே, அப்புறம் ஹோஸின் டிரெய்லர் பக்க முனையை மட்டும் கழற்றிப் பின் வாயில் மாட்டிச் சமையலறை கிரே. வண்டி ஓர் அங்குலம்கூட நகர வேண்டாம். கடைசியாக வரும் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொடுத்துவிடும்.

டிரெய்லரின் பக்கச்சுவரில் நடுப்புள்ளிக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் கண்ணாடியில் பார்த்தே நிறுத்திவிடலாம். மாதம் ஒருமுறை வாரக்கடைசிக்குப் போய் டம்ப் ஸ்டேஷனில் காலி செய்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. செலவு ஒரு ஸ்டிக்கர்.

தரையில் ஒய் (Y) வடிவ இணைப்பு போட்டு இரண்டு ஹோஸ்

முழு ஹூக்கப் உள்ள தனியார் முகாம்களில் ஒரு வாரம், இரண்டு வாரம் தங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். இரண்டு வாய்களிலிருந்தும் இரண்டு ஹோஸ் வந்து ஒரு ஒய்யில் சேர்ந்து, ஒரே ஹோஸாகக் குழிக்குப் போகும். எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். டிரெய்லரை விற்கும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

குறைகளும் இருக்கின்றன. ஹோஸின் உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பதால் வாட்டம் இல்லாத இடத்தில் கழிவு தங்கும். கீழே தாங்கி வைத்து, டிரெய்லர் பக்கம் உயரமாகவும் குழிப் பக்கம் தாழ்வாகவும் வைக்க வேண்டும். பிளாக் டேங்க்கைத் திறந்ததும் அந்தத் தண்ணீர் ஒய்யிலிருந்து சமையலறை ஹோஸுக்குள்ளும் கொஞ்சம் ஏறும். சமையலறை வால்வு மூடியிருந்தால் ஹோஸோடு நிற்கும், அதன் பிறகு கிரே தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். வால்வு திறந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

டம்ப் ஸ்டேஷனுக்கு மட்டும் போகிறவர் இதை வாங்குவதில் பயன் இல்லை. கழுவ வேண்டிய ஹோஸ் ஒன்றுக்கு இரண்டாகும், அவ்வளவுதான்.

டிரெய்லருக்கு அடியிலேயே குழாய் போட்டுச் சேர்ப்பது

கையில் வேலை தெரிந்தவர்களுக்கு ஆசை வருவது இதில்தான். சரியாக அமைந்துவிட்டால் இதைவிடச் சுகமான ஏற்பாடு கிடையாது. ஒரே வாய், ஒரே ஹோஸ். ஆனால் இது நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, உயரத்தைப் பொறுத்தது. கழிவுக் குழாய்க்குப் பிளம்பர்கள் வழக்கமாகச் சொல்லும் வாட்டம் அடிக்குக் கால் இன்ச். 14 அடிக்கு மூன்றரை இன்ச். அந்த மூன்றரை இன்ச் உங்கள் டிரெய்லருக்கு அடியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை அளப்பதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாய்களும் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் தொங்கும். அதை மட்டும் அளந்தால் "வாட்டமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். அளக்க வேண்டியது வாய் அல்ல, சமையலறை டேங்க்கின் வால்வு. அது அடித்தகட்டுக்கு மேலே, டேங்க்கை ஒட்டி, வாயைவிட உயரத்தில் இருக்கும். அந்த வால்வை விட்டு வெளியே வந்த உடனே குழாயைத் திருப்பினால் கிடைக்கும் உயரம் வேறு. டிரெய்லரை நேர்மட்டமாக நிறுத்திக்கொண்டு, நம்மூர்க் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே தண்ணீர் டியூபை எடுங்கள். ஒரு முனையைச் சமையலறை வால்வின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, மறு முனையை முன் வாய்க்குப் போகும் 3 இன்ச் குழாயின் பக்கத்தில் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். லேசர் மட்டம் சக்கரத்தையும் படிக்கட்டையும் தாண்டித் தெரியாது. டியூப் எதையும் சுற்றிக்கொண்டு போகும்.

எதை எதோடு சேர்ப்பது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. பிளாக்கை இருக்கும் இடத்திலிருந்து அசைக்காதீர்கள், சமையலறை கிரேயை அதனிடம் கொண்டுவாருங்கள். கெட்டிக் கழிவு நீண்ட தூரம், குறைந்த வாட்டத்தில் போனால் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், மற்றது நடுவழியில் படுத்துவிடும். வெறும் தண்ணீருக்கு அந்தத் தொல்லை குறைவு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பல டிரெய்லர்களில் சமையலறை டேங்க்கின் வால்வு ஒன்றரை இன்ச்தான். வால்வே அவ்வளவு என்னும்போது அதற்கு அப்பால் 3 இன்ச் குழாய் போட்டு எந்தப் பயனும் இல்லை. 2 இன்ச் போதும். மெல்லிய குழாய்க்கு அடியில் இடம் கண்டுபிடிப்பது எவ்வளவோ எளிது.

வண்டியில் மாட்டியபடியே டம்ப் ஸ்டேஷனில் நிற்கும்போது டிரெய்லர் நேர்மட்டமாக இருக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். 28 அடி நீள டிரெய்லர் மூக்கு 2 இன்ச் தாழ்ந்து நின்றால் 14 அடிக்கு 1 இன்ச் வித்தியாசம். பின்னாலிருந்து முன்னால் ஓடும் குழாய்க்கு அது கூடுதல் வாட்டம். குளியலறை பின்னாலும் சமையலறை முன்னாலும் உள்ள டிரெய்லரில் அதே 1 இன்ச் உங்கள் மூன்றரையில் கழியும்.

அடுத்த தடை அச்சு. பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) வைத்த டிரெய்லர்களில் அச்சுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே இடம் தெரியும். அது நிற்கும்போது தெரியும் இடம். பள்ளத்தில் விழும்போது அச்சு மேலே வரும், அந்த முழு ஏற்றத்துக்கும் மேலேதான் குழாய் போக வேண்டும். வில்லுக்குப் பதில் உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் அச்சில் குழாய் வடிவ அச்சு சட்டத்தோடு ஒட்டியே இருப்பதால் பெரும்பாலும் வழியே கிடையாது. அச்சுக்கு அடியில் குழாயைத் தொங்கவிட நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. வேகத்தடையும் பெட்ரோல் பங்க் வாசலும் அதைப் பார்த்துக்கொள்ளும். சக்கரத்துக்கு நேர் பின்னாலும் முன்னாலும் குழாய் வரக்கூடாது. டயர் வெடித்தால் கிழிந்த ரப்பர் சாட்டையாகச் சுழன்று அருகில் இருக்கும் பிளாஸ்டிக்கையெல்லாம் பிய்த்து எறியும். நீளவாட்டில் ஓடும் இரும்புச் சட்டத்துக்கு உட்பக்கமாகவே குழாயைக் கொண்டுபோங்கள். வழிவிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஓட்டை போடாதீர்கள். டிரெய்லரின் முதுகெலும்பே அதுதான்.

ஒட்டுவதில் சில விஷயங்கள். டிரெய்லரில் இருப்பது கறுப்பு ஏபிஎஸ் குழாய். மேற்கு மாநிலக் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கும். வேறு பல இடங்களில் வெள்ளைப் பிவிசியைத்தான் அடுக்கியிருப்பார்கள். கிடைத்ததை வாங்கி பிவிசி சொல்யூஷனால் ஒட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஏபிஎஸ்ஸுக்கு ஏபிஎஸ் சொல்யூஷன். எல்போ வேண்டிய இடத்தில் நீண்ட வளைவு உள்ளதை வாங்குங்கள். சேரும் இடத்தில் டி (T) வடிவ இணைப்பு வேண்டாம், ஒய் போடுங்கள். கிரே வரும் கிளை பக்கவாட்டிலோ சற்று மேலிருந்தோ வந்து சேரட்டும். கீழிருந்து சேர்ந்தால் பிளாக் கழிவு அதில் இறங்கித் தங்கும். 4 அடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள். என்றாவது கழற்ற வேண்டி வரும் இடத்தில் எஃகுக் கிளாம்ப் வைத்த ரப்பர் கப்ளிங் ஒன்று இருந்தால் பின்னாளில் ரம்பம் தேட வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியம் கூடுதல் வால்வு. கிரே குழாய் ஒய்யில் சேர்வதற்குச் சற்று முன்னால் ஒரு வால்வு வையுங்கள். பிளாக் டேங்க்கைத் திறக்கும் நொடியில் 3 இன்ச் குழாய் நிறைந்து வரும். கிளை திறந்திருந்தால் அது வாட்டம் குறைவான கிரே குழாய்க்குள் திரும்பி ஏறும். டேங்க்கின் வால்வு மூடியிருந்தாலும் நடுவில் உள்ள நீளம் முழுக்க அசுத்தமாகும். அந்த வால்வின் ரப்பர் தேய்ந்து கசிந்தால் பிளாக் தண்ணீர் சமையலறை டேங்க்குக்கே போகும், அப்புறம் பாத்திரம் கழுவும் தொட்டி வழியாக மணம் வரும். ஒய் பக்கத்து வால்வு இந்த இரண்டையும் தடுக்கும். பிளாக் முழுதாக வடிந்த பிறகு மட்டும் அதைத் திறக்கும் பழக்கம் வேண்டும்.

குளிர் மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்த நீண்ட குழாய் ஒரு பொறுப்பு. எங்காவது கொஞ்சம் தொய்ந்திருந்தால் தண்ணீர் நின்று உறையும். அடித்தகட்டுக்கு வெளியே ஓடும் குழாய்க்கு உள்ளே வரும் சூடு கிடைக்காது. நவம்பரில் டிரெய்லரை மூடும்போது உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் இந்தக் குழாய்க்கும் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். வாரண்டி முடியாத புது டிரெய்லர் என்றால் வெட்டுவதற்கு முன் அந்தக் காகிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அரைத்துத் தள்ளும் பம்ப்

மேசரேட்டர் என்பது கழிவை அரைத்து மெல்லிய ஹோஸ் வழியாகத் தள்ளும் 12 வோல்ட் பம்ப். முக்கால் இன்ச், ஒரு இன்ச் ஹோஸ் போதும். மேட்டிலும் ஏற்றும். தன் வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்தி, 50 அடி தள்ளி, டிரெய்லரைவிட உயரத்தில் இருக்கும் சாக்கடைக் குழாயின் மூடி போட்ட திறப்பில் (கிளீன்அவுட்) காலி செய்ய வேண்டியவருக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. அங்கே காலி செய்ய உங்கள் நகரமும் குடியிருப்புச் சங்கமும் விடுகின்றனவா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை 200 டாலரைத் தாண்டும். ஓடும்போது 15 ஆம்பியர் அளவில் இழுக்கும், ஆகவே தடித்த வயரும் தனி ஃபியூஸும் வேண்டும். வேகத்தில் இது புவியீர்ப்பை வெல்லாது. 3 இன்ச் குழாயில் ஓரிரு நிமிடத்தில் வடிந்துவிடுவது இதில் பல நிமிடம் எடுக்கும். டேங்க் காலியான பின்னும் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் கெடும். ஈரத் துடைப்புத் தாள், தலைமுடி, நூல் எல்லாம் அரைக்கும் தகட்டில் சுற்றிக்கொள்ளும். நீண்ட முடி இருக்கும் வீட்டில் குளியலறை வடிகாலில் சல்லடை இல்லாமல் இதை மாட்டாதீர்கள்.

வாங்குவதானால் வாயில் திருகி மாட்டிக் கழற்றும் வகையை வாங்குங்கள். இரண்டு வாய் இருப்பவர் அதை மாற்றி மாற்றி மாட்டலாம். குழாயோடு நிரந்தரமாக ஒட்டிவிட்டால், டேங்க் நிறைந்திருக்கும் நாளில் பம்ப் படுத்துவிட்டால் கழிவு வெளியேற வேறு பாதை இருக்காது. நம்முடைய இரண்டு வாய்ப் பிரச்சினையை மட்டும் தீர்க்க இதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது தூரத்துக்கும் மேட்டுக்கும் ஆன கருவி.

சக்கரம் வைத்த தொட்டி

ஹூக்கப் இல்லாத முகாமில் டிரெய்லரை நகர்த்தாமலே கழிவை மட்டும் இழுத்துப்போக இது உதவும். 36 கேலன் தொட்டி நிறைந்தால் 300 பவுண்டு. கையால் இழுக்க முடியாது. வண்டியின் பின்னால் மாட்டி மணிக்கு 5 மைலுக்கு மேல் போகாமல் ஊர்ந்து போக வேண்டும். சமையலறை டேங்க் இரண்டு நாளில் நிரம்பிவிடும் பெரிய குடும்பத்துக்கு இதில் உண்மையான பயன் உண்டு, குறிப்பாகக் கிரே தண்ணீருக்கு.

கைப்பிடி இறுக்கம்

சிலருக்குத் தொல்லை வாயில் இல்லை, வால்வில். டேங்க் தள்ளி இருப்பதால் கைப்பிடியிலிருந்து வால்வுவரை ஒரு கேபிள் போகும். அது வளைந்து வளைந்து போனால் நாளாக ஆக இறுகும், ஒருநாள் கையோடு வந்துவிடும். கேபிளுக்குப் பதில் நேர்க் கம்பி வைக்க வழி இருந்தால் அதுதான் நீடிக்கும். வழி இல்லையென்றால் 12 வோல்ட் மின்வால்வு, ஆனால் பேட்டரி தீர்ந்தால் கையால் திறக்க முடிகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். எதைச் செய்வதானாலும் அடித்தகட்டைக் கழற்றியாக வேண்டும் என்பதால், குழாய் வேலையையும் இதையும் ஒரே தடவையில் முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

எந்த வழிக்குப் போனாலும் 3 இன்ச் வாயின் முடிவில் திருகி மாட்டும் ஒரு வால்வும், அதற்கு அடுத்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் எல்போவும் வாங்கிவிடுங்கள். உள் வால்வு கசிந்தால் அந்தக் கழிவு மூடிக்குப் பின்னால் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். மூடியைத் திறந்ததும் செருப்பில் கொட்டும். வெளி வால்வு இருந்தால் ஹோஸை மாட்டிய பிறகு அதைத் திறந்துகொள்ளலாம். எல்போ வழியாகத் தண்ணீர் எப்போது தெளிகிறது என்றும் பார்க்கலாம். சில பத்து டாலரில் முடிகிற காரியம்.

என்னிடம் கேட்டால், வாரக்கடைசிப் பயணிக்கு நடுவில் நிறுத்தும் முறையும் வெளி வால்வும் போதும். முழு ஹூக்கப்பில் வாரக்கணக்கில் தங்குகிறவர் முதலில் ஒய்யை வாங்கி ஒரு பருவம் பார்க்கட்டும். அதிலும் சலிப்பு தட்டி, டியூபில் அளந்தால் மூன்றரை இன்ச் உறுதியாகக் கிடைத்து, அச்சுக்கு மேலே பாதையும் இருந்தால் குழாய் போடலாம். இரண்டு இன்ச்தான் கிடைக்கிறது என்றால் போட வேண்டாம். எப்படியாவது ஓடிவிடும் என்று போட்ட குழாய் ஓடத்தான் செய்யும், ஆனால் எண்ணெய்ப் படிவு சேரச் சேர ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மெதுவாக.

குழாய் போட்டு முடித்தவர்கள் அடித்தகட்டை உடனே மூட வேண்டாம். ஒட்டிய இடங்களை ஓர் இரவு காயவிட்டு, சமையலறை டேங்க்கை நல்ல தண்ணீரால் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த காகிதத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். பிறகு டிரெய்லரைக் கொஞ்சம் கரடுமுரடான சாலையில் சில மைல் இழுத்துப்போய்விட்டு வந்து, அதே இணைப்புகளை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டுத் தகட்டை ஏற்றுங்கள்.